புளி போட்டுத் தேய்த்த மணல்

1

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருச் சாக்கடை அள்ளுவதற்காக யாரும் விமானம் ஏறி ஜப்பானுக்குப் போவதில்லை. நான் போயிருக்கிறேன். கித்தாக்யூஷு என்ற இந்த ஊரில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சங்கம் உண்டு. அவர்கள் சொல்கிற ஞாயிறுகளில் வீட்டுக்கு ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். வராதவரை யாரும் திட்ட மாட்டார்கள். அடுத்த வாரம் முழுக்க அளவுக்கு மீறிக் குனிந்து வணக்கம் சொல்வார்கள், அவ்வளவுதான். அதற்குத் திட்டே தேவலாம்.

வந்த புதிதில் சங்கத்தில் பெயர் கொடுக்கப் போனபோது, ஜப்பானிய மொழியில் "நான் குமார் அவர்கள்" என்று சொல்லிவிட்டேன். மற்றவர் பெயரோடு சேர்க்கிற மரியாதையைத் தன் பெயரோடு யாரும் சேர்ப்பதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. சங்கத் தலைவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் அப்படியே எழுதிக்கொண்டார். என் மகள் இனியாவுக்கு இதைச் சொன்னால் இன்றைக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பாள். அவள் மட்டும் என்ன ஒழுங்கு? தமிழை ஊரிலிருந்து வருகிற போன்களில் மட்டுமே கற்றவள். பக்கத்து வீட்டுப் பூனையை "வாங்க, உக்காருங்க" என்றுதான் கூப்பிடுவாள். என்னோடு பேசும்போது அந்தத் தமிழும் கிடையாது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜப்பானிய மொழியில் பதில் சொல்வாள்.

போன தை மாதம், அப்படி ஒரு ஞாயிறு. கையில் மண்வெட்டியோடு நின்றபோது அக்காவின் வீடியோ அழைப்பு வந்தது. ஊரில் அப்போது காலை ஆறு மணி இருக்கும். அன்றைக்கு அக்கா மகள் ரேவதிக்கு வளைகாப்பு. ரேவதி வாழ்க்கைப்பட்டது சிதம்பரத்தில். சம்பந்தி வீட்டு மாடியில் பந்தல். நம் பக்கத்து வழக்கப்படி அம்மா வீட்டிலிருந்து கலவை சாதம் கட்டிக்கொண்டு போய், வளையல் அடுக்கி, பிள்ளைத்தாய்ச்சியைக் கையோடு பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். அக்கா பட்டுப்புடவையில் இருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"தம்பி, எல்லாம் ரெடி. ரேவதி ரூமுக்குப் புது பெயிண்ட் அடிச்சாச்சி. இங்க பாரு, உன் ட்ரம்மு! நீ வெச்சி வருஷம் ஒண்ணு ஆவுது இல்ல? பொட்டு வெச்சி, மாவிலை கட்டியிருக்கேன்."

பின்கட்டில் நிற்கும் நீல ட்ரம்மை போனில் காட்டினாள். போர் தண்ணீரைச் சுத்தம் செய்வதற்காக நான் அமைத்துக் கொடுத்த வடிகட்டி அது. மூடியைத் திறந்து உள்ளேயும் காட்டினாள்.

உள்ளே மணல் வெள்ளையாக இருந்தது.

மண்வெட்டியைக் கீழே போட்டேன். அந்த மணல் கறுப்பாக இருக்க வேண்டும்.

"என்னக்கா பண்ணீங்க மண்ண?"

"போகிக்கு வூடு முழுக்கக் கழுவினோம். இது மட்டும் ஒரே அழுக்கு, கரி மாதிரி ஒட்டிகிட்டு இருந்துச்சி. சும்மா கழுவினா போவல. புளி கரைச்சி ஊத்தி, பித்தள அண்டா தேய்க்கிற மாதிரி தேய்ச்சேன் பாரு, பளபளன்னு ஆயிடுச்சி. தண்ணி இப்ப எவ்ளோ ருசி தெரியுமா? அந்த இரும்பு வாடையே இல்ல."

"அக்கா, அந்த மண்ணத் தொடக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல?"

"கொட்டக் கூடாதுன்னுதான சொன்ன? ஒரு மணி கீழ விழல. எல்லாத்தையும் கழுவித் திருப்பிப் போட்டுட்டேன். இரு, வேன் வந்துடுச்சி."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

2

படிக்கிற உங்களுக்கு இதில் என்ன பதற்றம் என்று தோன்றலாம். சொல்கிறேன்.

அக்கா வீடு குறிஞ்சிப்பாடியிலிருந்து கடலூர் போகிற வழியில் உள்ள ஓர் ஊரில். வீட்டுக்குப் பின்னால் ஒரு காலத்தில் முலாம் பூசும் பட்டறை ஒன்று நடந்தது. மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. கூரைகூட இல்லை, ஆடு மேய்கிறது. ஆனால் அவர்கள் கழுவி ஊற்றிய தண்ணீர் மண்ணுக்குள்தான் போயிருக்கிறது. என்னோடு சிதம்பரத்தில் படித்த பாஸ்கர், அங்கேயே கீழ வீதிப் பக்கம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறான். நான் ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது, சும்மா பார்ப்போமே என்று அக்கா வீட்டு போர் தண்ணீரை அவனிடம் கொடுத்தேன். மறுநாள் அவனே வீட்டுக்கு வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மச்சான், குரோமியம் இருக்குடா. கெட்ட வகை" என்றான்.

குரோமியத்தில் சாது ஒன்று, பொல்லாதது ஒன்று. பொல்லாதது தண்ணீரில் கரைந்து எங்கும் போகும். நம் வீட்டுத் தண்ணீரில் இருக்கிற அளவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாள்பட உள்ளே போனால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். வயிற்றுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

என் பிழைப்பே இந்தக் குரோமியத்தை அடக்குவதுதான். இரும்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, தலைமுடியின் அகலத்தில் ஆயிரக்கணக்கில் அடுக்கக்கூடிய சின்னத் துகளாக்கினால் அதற்கு ஒரு வெறி வந்துவிடும். தன்னிடம் இருப்பதை யாருக்காவது கொடுக்கத் துடிக்கும். குரோமியம் அதை வாங்கிக்கொண்டு சாதுவாகி, மண்ணோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கொடுத்த இரும்பு துருவாகிப் போகும். இங்கே பழைய தொழிற்சாலை நிலங்களில் இந்த நானோ இரும்பை மண்ணுக்குள் செலுத்துகிறோம்.

அதில் ஒரு கைப்பிடி அக்கா வீட்டுக்கு அனுப்பலாம் என்று பார்த்தேன். பார்சல் கம்பெனிக்காரர்கள் அலறினார்கள். அந்தத் துகள் காற்றுப் பட்டால் தானாகத் தீப்பிடிக்கக்கூடியது. அனுமதி கேட்டு எழுதினேன். ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் காட்டியது. ஒவ்வோரிடத்திலும் என் பெயர் முத்திரை கேட்டார்கள். இந்த நாட்டில் கையெழுத்தை நம்ப மாட்டார்கள், மரத்தில் செதுக்கிய முத்திரையைத்தான் நம்புவார்கள். 'குமார்' என்று செதுக்கிய முத்திரையைக் குத்திக் குத்தி எனக்கு விரல் சிவந்தது. கடைசியில், மிகவும் வருந்துகிறோம் என்று நாலு வகையாக எழுதி மறுத்துவிட்டார்கள்.

அப்புறம் பாஸ்கர்தான் சொன்னான்: "இங்கியே பண்ணலாம் வாடா, டீத்தூள் போதும்." நாட்டு மருந்துக் கடையில் விற்கிற அன்னபேதி உப்பு இரும்புதான். அதைக் கரைத்து, கெட்டித் தேயிலைச் சாற்றில் சொட்டுச் சொட்டாக விட்டால் கண்ணெதிரே கறுத்துவரும். நம் துகள் அதுதான். கொஞ்சம் சோம்பலான துகள், தீப்பிடிக்காது, வேலையைச் செய்யும். ஆற்று மணலில் அதை ஏற்றி, காயவைத்து, ட்ரம்மில் அடுக்கினோம். கறுப்பு இருக்கும் வரைக்கும் வேலை செய்யும். தீபாவளிக்கு முன்னால் பாஸ்கர் வந்து புதுக் கறுப்பு ஏற்றிவிட்டுப் போனான். சித்திரை வரைக்கும் தாங்கியிருக்கும்.

முதல் முறை ட்ரம்மின் குழாயைத் திறந்தபோது அக்கா ஒரு சொம்பில் பிடித்து என்னிடம் நீட்டினாள். "நீ மொதல்ல குடி." அவளுக்கு ஒரு பழைய கோபம் உண்டு. லீவுக்கு வந்தால் நாங்கள் கேன் தண்ணீர்தான் குடிப்போம். இனியாவுக்கு ஒருமுறை வாந்தி வந்ததிலிருந்து அந்தப் பழக்கம். அவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவள் வீட்டுத் தண்ணீரைத் தொடாத தம்பி. அன்றைக்கு நான் சொம்பைக் கவிழ்த்துக் குடித்தேன். அதைப் பார்த்த பிறகுதான் அவள் ட்ரம்முக்குப் பொட்டு வைத்தாள்.

3

சாக்கடைக் கூட்டத்தை விட்டு வீட்டுக்கு ஓடினேன். அரை மணி நேரம் விடாமல் அடித்தும் அக்கா எடுக்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் கோதண்டம் மாமாவுக்கு அடித்தேன். வேனுக்குள் ஒரே கூச்சல், யாரோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, அக்காகிட்ட குடுங்க. அவசரம்."

"இன்னாடா தம்பி, ஆலப்பாக்கம் தாண்டிட்டோம். போய்ச் சேந்து பேசலாமே."

"குடுங்க மாமா!"

அக்கா வந்ததும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நீ கழுவினது அழுக்கு இல்லை, மருந்து. புளிப்பு பட்டு இரும்பு கரைந்துவிட்டது. ட்ரம்மில் இப்போது இருப்பது வெறும் மணல். போகியிலிருந்து நீங்கள் குடிப்பது பழைய போர் தண்ணீர்தான்.

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். வேனில் இருப்பவர்கள் காதில் விழக்கூடாது என்று தெரிந்தது.

"ருசியா இருக்குதேடா."

"ருசி வேற, விஷம் வேறக்கா."

"சாதம் பூரா அந்தத் தண்ணியிலதான் வடிச்சிருக்கேன். புளி சாதம், எலுமிச்ச சாதம், எல்லாம். குடிக்கவும் ஒரு பெரிய கேன்ல புடிச்சிட்டு வந்திருக்கேன், தம்பி வெச்ச ஃபில்டர் தண்ணின்னு சொல்லலாம்னு."

"ஒரு வேளை சாப்பாட்டுல ஒண்ணும் ஆவாது. அந்தக் கேனத் திறக்காத. ஆனா ரேவதிய இன்னைக்கு வூட்டுக்குக் கூட்டிட்டு வராத. தினம் தினம் அதக் குடிக்கக் கூடாது. முதல்ல டெஸ்ட் பண்ணட்டும்."

"கூட்டிட்டு வராம?" அவள் குரல் உடைந்தது. "சம்பந்தியம்மா ஏற்கெனவே சொல்லிக்கிட்டு இருக்காங்க, இங்கியே ஆஸ்பத்திரி பக்கத்துல, பிரசவம் இங்கியே வெச்சிக்கலாம்னு. எவ்ளோ பேசி ஒத்துக்க வெச்சிருக்கேன் தெரியுமா? மொத பிரசவம்டா. இப்ப போய், எங்க வூட்டுத் தண்ணி சரியில்லன்னு சபையில சொல்லட்டா? அப்புறம் அந்தப் புள்ளய ஒரு நாளாவது அனுப்புவாங்களா? நீ யார்கிட்டயும் மூச்சு விடாத. வந்ததும் அவளுக்குக் கேன் தண்ணி வாங்கித் தரேன்."

"சோறு வடிக்க? குழம்பு வைக்க? குளிக்க?"

"பாத்துக்கறேன்னு சொல்றேன் இல்ல!"

பார்த்துக்கொள்ள மாட்டாள். எனக்கு அவளைத் தெரியும். பத்து நாள் கேன் வாங்குவாள், பதினோராம் நாள் கேன்காரன் வரமாட்டான், இவ்வளவு நாள் நாம குடிக்கலையா என்று போர் மோட்டாரைப் போடுவாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடக்கும்.

4

என் மனைவி கலா ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருந்தாள். இனியா சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. விஷம் என்று தெரிந்தால் சொல்ல வேண்டியதுதானே, அதில் என்ன யோசனை? வளைகாப்பு முடிந்து பெண் அம்மா வீட்டுக்கு வருவது என்றால் என்னவென்று அவளுக்கு ஜப்பானிய மொழியில் விளக்கப் பார்த்தேன். விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போவது மாதிரி வந்தது. அது இல்லை. கல்யாணம் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து ஒரு தாய் காத்திருக்கிற நாள் அது என்பதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. தமிழில் சொன்னேன். அது அவளுக்கு எட்டவில்லை. இரண்டு மொழிக்கும் நடுவில் நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது.

ரேவதியின் நம்பர் என்னிடம் இருந்தது. தாய்மாமன் நான். ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள். சொன்னால் அக்கா என்னை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள். சொல்லாவிட்டால்? அதை நினைக்கவே பயமாக இருந்தது.

பாஸ்கருக்கு அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை, தூங்கி எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"மச்சான், கண்ணால பாக்காம கத்தாத. கொஞ்சநஞ்சம் கறுப்பு ஒட்டிக்கிட்டு இருக்கலாம். கேன்ல தண்ணி கொண்டு வராங்கன்னு சொன்ன இல்ல? வண்டிய எடுத்துட்டுப் போய் ஒரு பாட்டில் புடிக்கிறேன். மருந்து ஊத்தினா பத்து நிமிஷத்துல கலரு சொல்லிடும்."

"ஊதா வந்தா?"

"வந்தா இருக்குதுன்னு அர்த்தம். உனக்குத் தெரியாததா?"

தெரியும். தினமும் பார்க்கிற நிறம்தான். வேலையிடத்தில் ஊதா வந்தால் இன்னும் கொஞ்சம் இரும்பு செலுத்துவோம், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து பாஸ்கர் குரல் செய்தி அனுப்பியிருந்தான். பந்தலுக்குப் போனானாம். அக்காவைத் தேடிக் கேட்பதற்குள் அவளே இவனைப் பார்த்துவிட்டாளாம். ஒன்றும் கேட்கவில்லை. யாரும் பார்க்காதபோது கேனைத் திறந்து, தன் கையாலேயே பாட்டிலில் பிடித்துக் கொடுத்து, "சீக்கிரம் பாத்து என் தம்பிகிட்ட சொல்லு" என்றாளாம்.

அதற்கப்புறம் நேரம் நகரவே இல்லை. வெளியே சங்கத்து ஆட்கள் சேற்றை மூட்டை கட்டும் சத்தம் கேட்டது. நான் விட்டுவந்த மண்வெட்டியை யாரோ கழுவி, எங்கள் வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள்.

போன் அதிர்ந்தது. பாஸ்கர் ஒரு படம் அனுப்பியிருந்தான். கண்ணாடிக் குழாய், அதற்குப் பின்னால் அவன் வீட்டு வெள்ளைச் சுவர். குழாயில் தண்ணீர் நல்ல ஊதா. கத்தரிப்பூ நிறம்.

இனியா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அழகாக இருக்கிறதே என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

5

அக்கா எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன், எடுக்கவில்லை. ரேவதிக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். எடுத்தால் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அவள் கணவன் எடுத்து, அவள் பக்கம் திருப்பினான். ரேவதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். சுற்றிலும் பெண்கள்.

"மாமா! பாத்தீங்களா? கையத் தூக்கவே முடியல. ஆசீர்வாதம் பண்ணுங்க மாமா."

பின்னாலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "ஜப்பான் மாமா" என்று யாரோ கத்தினார்கள். சம்பந்தியம்மா கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். "நல்லா இரும்மா" என்றேன். மண்வெட்டிச் சேறு காய்ந்த கையோடு, ஒரு கூட்டத்துக்கு முன்னால், வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு கை வந்து போனை வாங்கியது. அக்கா. போனை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள். அவள் கையிலும் சந்தனம். விரல் பட்டு, பாதித் திரை மங்கலாகிவிட்டது.

"இன்னா கலரு வந்துச்சி?" என்றாள் மெதுவாக.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்க மாட்டேன்.

"ஊதாக்கா."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு போன் கீழே இறங்கியது. எனக்குப் பந்தல் துணியும் சுழலாத ஒரு மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. குரல்கள் கேட்டன.

"சம்பந்தி, ஒரு விஷயம். எல்லாரும் கேளுங்க." அக்காவின் குரல்தான். இவ்வளவு சத்தமாக அவள் சபையில் பேசி நான் கேட்டதில்லை. "எம் பொண்ண நான் இன்னைக்கு அழச்சிட்டுப் போவல. எங்க வூட்டுத் தண்ணி சரியில்ல. கெட்ட சரக்கு கலந்திருக்குது. அதுக்குன்னு வெச்ச மருந்த நானே தெரியாம கழுவி ஊத்திட்டேன். இப்பதான் டெஸ்ட்ல தெரிஞ்சிது. அது சரியாவுற வரைக்கும் அவ இங்கியே இருக்கட்டும்."

வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப இந்தச் சாப்பாடு?" என்றது ஓர் ஆண்குரல்.

"அதே தண்ணியிலதான் ஆக்கினேன். ஒரு வேளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு எந் தம்பி சொல்றான். வேணாம்னு நெனைக்கிறவங்க வெச்சிடுங்க, எனக்கு வருத்தமில்ல."

"இத்தன நாளா நீங்க அதத்தான் குடிச்சிங்களா?"

"ஆமா. குடிச்சோம்."

ரேவதி "அம்மா" என்று கூப்பிட்டது கேட்டது. சம்பந்தியம்மா ஏதோ சொன்னார்கள், பிடிபடவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ திரையைத் தொட்டிருக்க வேண்டும், அழைப்பு நின்றது. மாலையில் பாஸ்கர்தான் சொன்னான், பாதிச் சாதம் திரும்ப வேனில் ஏறியது என்று. அக்கா ரேவதி தலையைத் தடவிவிட்டு, அவளுக்காகப் பெயிண்ட் அடித்த காலி அறைக்குத் திரும்பிப் போனாள்.

6

அதன் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. போன் போட்டால் மாமா எடுப்பார். "தண்ணி லாரி வருதுடா, அதத்தான் பொழங்கறோம்" என்பார். அக்கா எங்கே என்றால், "சிதம்பரம் போயிருக்கா" என்பார். தினமும் காலையில் வீட்டு வேலையை முடித்து, பஸ் ஏறி, சம்பந்தி வீட்டுக்குப் போய், அங்கேயே அவர்கள் தண்ணீரில் மகளுக்கு ஏதாவது சமைத்துக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்பி வருகிறாளாம். அடுத்தவர் சமையலறையில், அடுத்தவர் அடுப்பில். எனக்குத் தெரிந்த அக்கா இதைச் செய்கிறவள் இல்லை.

அக்காவும் மாமாவும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று மாமாவிடம் மன்றாடினேன். செய்துகொண்டார்கள். இப்போதைக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தெருவில் இன்னும் எத்தனை வீட்டு போரில் இது இருக்கிறது என்று பாஸ்கர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறான். சில வீடுகளில் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அவர்களுக்கும் பெண்கள் இருக்கிறார்கள், அழைத்து வர வேண்டியவர்கள்.

போன வாரம் அக்காவே கூப்பிட்டாள். இனியாதான் எடுத்தாள். "அத்தை, நல்லா இருக்கீங்களா, வாங்க உக்காருங்க" என்றாள் போனைப் பார்த்து. அக்கா சிரித்த சத்தம் அறைக்குள் இருந்த எனக்குக் கேட்டது. ஓடி வந்து போனை வாங்கினேன்.

பின்கட்டில் நின்றிருந்தாள். ட்ரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வெள்ளை மணல் ஒரு சாக்கில் இருந்தது. பக்கத்தில் அன்னபேதிப் பொட்டலமும் டீத்தூள் பாக்கெட்டும்.

"அந்தக் கறுப்பு திரும்ப எப்படி வரும், சொல்லு."

"பாஸ்கர் வந்து பண்ணித் தருவான்க்கா."

"அவன் வர வேணாம். புளி போட்டுத் தேச்சது நான். நானே ஏத்தறேன். புள்ள பொறந்து பேரு வெக்கிறப்பவாவது அது இந்த வூட்டுக்கு வரணும். நீ பக்கத்துல நின்னு சொல்லு, நான் பண்றேன்."

"நான் பக்கத்துல இல்லியேக்கா."

"அதத்தான்டா சொல்றேன்" என்றாள் அக்கா.